விழுந்தால்தான் காசு

1988-ஆம் வருடக் கடைசியில், மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் ஒரு ராத்திரிக்கு டெக் வாடகைக்கு எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கலர் டிவி, டெக், மூன்று படம் எல்லாம் சேர்த்து விலை பேசி முன்பணம் கட்ட வேண்டும். கடைக்காரப் பையன் டிவியைப் போர்வையில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே வருவான். கரண்ட் போய்விடக் கூடாதே என்று அப்பா லைன்மேனுக்குச் சாயங்காலமே டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

அன்றைக்கு மூன்று படத்தோடு நாலாவதாக ஒரு கேசட். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மாமா லீவில் வந்தபோது கோடாலித் தைலத்துக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவே செருகிக் கொண்டுவந்தது. முதுகுப்புறம் பால்பாயிண்ட் பேனாவால் ‘டைசன்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“உலக சாம்பியன் ஃபைட்டு. இதைப் பாத்துட்டுதான் ரஜினி படம்” என்றார் மாமா. சிங்கப்பூர்க்காரர் சொன்னால் அப்பீல் கிடையாது. கூடம், திண்ணை, ஜன்னல் கம்பி எல்லாம் ஆள் நிரம்பி வழிந்தது.

முதல் அரை மணி நேரம் கோட்டுப் போட்டவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். பிறகு மைக்கேல் ஸ்பிங்க்ஸ் வந்தார். அதுவரை ஒரு சண்டையும் தோற்காதவர், லாரி ஹோம்ஸையே ஜெயித்தவர் என்று மாமா விளக்கம் கொடுத்தார். கடைசியாக டைசன் வந்தார். மேலங்கி இல்லை, காலுறை இல்லை. கறுப்பு டிராயர், கறுப்பு ஷூ, அவ்வளவுதான். “இந்தப் புள்ளைக்கு ஒரு சட்டை வாங்கிக் குடுக்க ஆளில்லையா?” என்று வருத்தப்பட்ட அப்பாயி, முறுக்கு எடுத்து வர அடுக்களைக்குள் போனார். மணி அடித்தது. விலாவில் ஒன்று வாங்கி ஸ்பிங்க்ஸ் முழங்கால் போட்டார். எழுந்தார். அடுத்து தாடையில் வலது. அப்பாயி தட்டோடு வந்து நின்றபோது ஸ்பிங்க்ஸ் கயிற்றோரம் மல்லாந்து கிடந்தார்.

மொத்தம் 91 விநாடி.

“இவ்வளவுதானா? இதுக்கா சிங்கப்பூர்லேருந்து தூக்கிட்டு வந்தே?” என்றார் அப்பாயி. மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் எங்களுக்கு, அதாவது பத்தாம் வகுப்புக் கோஷ்டிக்கு, அது போதவில்லை. ரஜினி படத்தைத் தள்ளிவைத்து, ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணி, விடியும்வரை ஸ்பிங்க்ஸை விழவைத்தோம். அவருக்கு அந்த ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு கோடியே 35 லட்சம் டாலர் என்று பின்னாளில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் படித்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுத்துப் பார்த்தோம். விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம். அதுவும் அடித்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு! கணக்குப் பாடத்தில் நாங்கள் மனமுவந்து போட்ட ஒரே வகுத்தல் அதுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டருக்கு டைசன் என்றால் ஆகாது. அவர் முகமது அலி கட்சி. அலி 1980-இல் மெட்ராஸ் வந்தபோது ராத்திரி பஸ் பிடித்துப் போய் நேரு ஸ்டேடியத்தில் பார்த்துவிட்டு வந்தவர். பழைய கூட்டாளியும் முன்னாள் சாம்பியனுமான ஜிம்மி எல்லிஸோடு அலி அங்கே கண்காட்சிச் சண்டை போட்டதையும், எம்.ஜி.ஆர். வந்திருந்ததையும் மாஸ்டர் வருஷத்துக்கு ஒரு தரமாவது மழை நாளில், மைதானம் சேறாகிக் கிடக்கும்போது, சொல்லாமல் விட மாட்டார்.

“யாரையாவது அடிச்சாரா சார்?” என்று கேட்போம்.

“ஒருத்தரையும் அடிக்கலைடா. சும்மா டான்ஸ் ஆடிக்கிட்டு இருந்தார். அவர்மேல ஒண்ணும் படலை. அதாண்டா பாக்ஸிங்.”

எங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ராத்திரி பூரா பஸ்ஸில் போய், ஒரு அடிகூட விழாததைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன் நமக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுக்கிறாரே!

சொல்லியும் கொடுத்தார். புளியமரத்துக் கிளையில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மரத்தூளும் மணலும் கலந்து நிரப்பினார். முதல் வாரம் அது சாக்காக இருந்தது. பிறகு குத்தக் குத்த மணல் கீழே இறங்கி, மேலே பஞ்சு, கீழே பாறை என்று ஆகிவிட்டது. விஷயம் தெரியாத பையன் வயிற்றுக் குத்தாகக் கீழ்ப்பக்கம் ஒன்று விட்டால் விரல் மொழியெல்லாம் தோல் உரிந்து போகும். பழைய வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, மணிக்கட்டில் ஆரம்பித்து, பெருவிரல் இடுக்கில் வாங்கி, விரல்களுக்குக் குறுக்கே கொண்டுவந்து மாஸ்டரே கட்டிவிடுவார். கட்டும்போது சொல்லுவார்: “குத்து கையிலேருந்து வராதுடா. குதிகால்லேருந்து வரும். கால், இடுப்பு, தோள், கடைசியிலதான் கை. நீ கையில ஆரம்பிக்கிறே. அதான் கை வலிக்குது.”

நாங்கள் தலையாட்டிவிட்டுக் கையிலேயே ஆரம்பிப்போம்.

அவருக்கும் எங்களுக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. 1986 நவம்பரில் டைசன் தன் 20-ஆம் வயதில் டிரெவர் பெர்பிக்கை வீழ்த்தி பெல்ட் வாங்கிய கேசட்டும் மாமா தயவில் வந்து சேர்ந்திருந்தது. அதில் ஒரே ஒரு இடது ஹூக். பெர்பிக் விழுகிறார், எழுகிறார், கால் பின்னிக்கொண்டு இன்னொரு பக்கம் விழுகிறார், மறுபடி எழப் பார்க்கிறார், ரிங்கின் அடுத்த மூலையை நோக்கித் தள்ளாடிப் போய் விழுகிறார். ஒரு குத்துக்கு மூன்று விழுகை! வாங்கின காசுக்கு இதைவிட லாபம் வேறு எந்த விளையாட்டில் உண்டு என்பது எங்கள் வாதம்.

மாஸ்டர் அசர மாட்டார். கின்ஷாசாவுக்குப் போய்விடுவார். 1974 அக்டோபர் 30. ஜார்ஜ் ஃபோர்மன் அதுவரை 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக் அவுட். முந்தின வருடம் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேஸியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் போட்டவர். அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, அடி அடி என்று அவரை அடிக்க விட்டார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மனுக்குக் கை தூக்க முடியவில்லை. அவ்வளவு பலசாலி அலி கையால் விழுந்தார். “பவரு தீந்துபோற சரக்குடா. டெக்னிக் தீராது” என்பார் மாஸ்டர்.

“ஆனா அலியும் கடைசியில குத்தித்தானே சார் ஜெயிச்சாரு?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். மாஸ்டர் விசில் ஊதி எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார்.

பிறகு 1990 பிப்ரவரி. ஒரு திங்கட்கிழமைப் பேப்பரில் அந்தச் செய்தி. டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் என்பவர் டைசனைப் பத்தாவது ரவுண்டில் நாக் அவுட் செய்துவிட்டார். பந்தயக்காரர்கள் டக்ளஸுக்கு 42-க்கு 1 என்று விலை வைத்திருந்தார்களாம். படத்தில் உலகத்தின் பயங்கர மனிதர் நாலு காலில் தவழ்ந்துகொண்டு, விழுந்த பல் காப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாஸ்டர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டும் சாக்கில் குத்தப் போன யாரையும் திருத்தவும் இல்லை. ஜெயித்தவர் இப்படி அடக்கமாக இருந்தால் தோற்றவனுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

இதெல்லாம் அந்தக் காலம். இப்போது தகவலுக்குப் பஞ்சமில்லை. கேசட்டுக்காக ஒரு மாமா கடல் கடந்து வர வேண்டியதில்லை. படுத்த படுக்கையில் போனைத் தடவினால் 1930-களின் ஜோ லூயிஸ் முதல் நேற்றைய சண்டை வரை வரிசையில் நிற்கின்றன. அப்படித் தடவித் தடவித்தான் டக்ளஸ் சண்டையை முழுசாகப் பார்த்தேன். டைசனின் பலம் அன்றைக்கும் எங்கேயும் போய்விடவில்லை. எட்டாவது ரவுண்டில் ஒரே ஒரு அப்பர்கட்டில் டக்ளஸைத் தரையில் உட்காரவைத்தார். ஒன்பது எண்ணும்போதுதான் டக்ளஸ் எழுந்தார். போனது வேறு. கஸ் டமாட்டோ என்கிற கிழவர் கேட்ஸ்கில் ஊரில் தன் வீட்டிலேயே வைத்து டைசனை வளர்த்தபோது, தலையை ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஆட்டிக்கொண்டே உள்ளே புகுவதைத்தான் முதல் பாடமாக வைத்திருந்தார். கிழவர் 1985-இல் போய்விட்டார். அவர் சிஷ்யர் கெவின் ரூனி கொஞ்ச நாள் கட்டிக் காத்தார். ஸ்பிங்க்ஸை அடித்த கையோடு அந்த வருடமே ரூனியையும் அனுப்பிவிட்டார்கள். அடியே போதும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. டோக்கியோவில் தலை நின்ற இடத்தில் நின்றது. டக்ளஸின் நீளமான ஜாப் அதைத் தேடிப் போக வேண்டிய சிரமமே இல்லாமல் போயிற்று.

என் மகள் வேளச்சேரிப் பக்கம் ஒரு ஜிம்மில் பாக்ஸிங் கற்றுக்கொள்கிறாள். ஏசி போட்ட ஹால், சுவரெல்லாம் கண்ணாடி, பாட்டு. மணிக்கட்டுப் பட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகிவிடுகிறார்கள். குத்துக்குக் குத்து வேகம் எவ்வளவு, பலம் எவ்வளவு என்று அது போனுக்குச் சொல்லிவிடுகிறது. “அப்பா, இன்னைக்கு என் பவர் பன்னெண்டு பர்சென்ட் கூடியிருக்கு” என்கிறாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே. எங்கள் காலத்தில் பலத்துக்கு அளவுகோல் புளியமரம்தான். கிளை ஆடினால் நல்ல குத்து, புளி உதிர்ந்தால் ரொம்ப நல்ல குத்து.

அவளிடம் பெருமையாகச் சொல்ல எனக்கும் ஒரு எண் கிடைத்தது. 1985-இல் இங்கிலாந்தில் சில ஆராய்ச்சியாளர்கள் ஃபிராங்க் புரூனோ என்ற ஹெவிவெயிட்காரரைக் கூப்பிட்டு, கருவி பொருத்திய குண்டு ஒன்றைக் குத்தவைத்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். முஷ்டி கிளம்பிப் பத்தில் ஒரு விநாடியில் இலக்கைத் தொட்டது. தொடும்போது வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர். தொட்ட 14 மில்லி விநாடிக்குள் விசை 4,096 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 400 கிலோ எடை. மெத்தை சுற்றிய ஆறு கிலோ மரச் சம்மட்டி மணிக்கு 20 மைல் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம் என்று அவர்களே உவமையும் கொடுத்திருந்தார்கள். இதே புரூனோ பின்னால் இரண்டு தடவை டைசனோடு மோதி, இரண்டு தடவையும் நடுவர் நிறுத்தும்படி ஆனவர். சம்மட்டி வைத்திருப்பவரின் கதி இது.

ஆளை வீழ்த்துவது வலி இல்லை. தாடை ஓரத்தில் ஒன்று விழுந்தால் தலை சட்டென்று திரும்புகிறது. உள்ளே மூளை அதே வேகத்தில் திரும்புவதில்லை. அந்த முறுக்கலில் சில விநாடி விளக்கு அணைந்துவிடுகிறது. வருவது தெரிந்தால் கழுத்துத் தசை இறுகித் தலையைப் பிடித்துக்கொள்ளும். தெரியாவிட்டால் தலை தாராளமாகச் சுழலும். மாஸ்டர் இதைத்தான் வேறு மாதிரி சொன்னார்: “பாத்து வாங்குன குத்து வலிக்கும். பாக்காத குத்து படுக்கப்போடும்.” அவர் எந்த ஜர்னலும் படித்தவரில்லை. விலாவுக்குக் கீழே கல்லீரலில் விழுவது வேறு ஜாதி. அதில் புத்தி தெளிவாக இருக்கும், உடம்புதான் சொன்னபடி கேட்காது. 2004-இல் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் ஒன்பதாவது ரவுண்டில் அங்கே ஒன்று வைத்ததும் ஆஸ்கர் டி லா ஹோயா எண்ணி முடிக்கும்வரை எழ முடியாமல் தரையைக் குத்திக்கொண்டு கிடந்தார். நினைவோடு தோற்பது எவ்வளவு அவமானம் என்று தெரிய அந்த ஒரு காட்சி போதும்.

சரி, தொழில்முறைச் சண்டையில் இந்தப் பலத்துக்கு இவ்வளவு மரியாதை ஏன்? ஒலிம்பிக்கில் 1992 முதல் 2012 வரை கம்ப்யூட்டரில் பட்டன் அமுக்கிப் புள்ளி போட்டார்கள். அதில் ஆளைத் தரையில் போட்டாலும் ஒரு புள்ளிதான், சும்மா தொட்டுவிட்டு ஓடினாலும் ஒரு புள்ளிதான். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதைப் பார்க்க டிக்கெட் வாங்குவார் யார்? காசு வாங்கிக்கொண்டு ஆடும் ரிங்கில் ஆள் விழுந்தால் அந்த ரவுண்டின் புள்ளிக் கணக்கே பெரும்பாலும் 10-8. எழாவிட்டால் அதுவரை போட்ட கணக்கெல்லாம் குப்பைக்கூடைக்குப் போய்விடும். பதினொரு ரவுண்டு தோற்றவர் பன்னிரண்டாவதில் ஒரு கையால் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போகலாம். கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் 200 ரன் அடிக்க முடியாது. இங்கே முடியும்.

1990 நவம்பரில் ஸ்பெயினில் ஜூலியன் ஜாக்சனும் ஹெரால் கிரஹாமும் மோதிய சண்டையைப் பாருங்கள். மூன்று ரவுண்டு கிரஹாம் ஜாக்சனை வைத்து விளையாடினார். ஜாக்சனின் இடது கண் மூடிவிட்டது. இன்னும் ஒரு ரவுண்டு பார்க்கலாம், அப்புறம் நிறுத்திவிடுவோம் என்கிற நிலைமை. நாலாவதில் கிரஹாம், முடித்துவிடலாம் என்று கயிற்றுப்பக்கம் நெருக்கிக்கொண்டு போனார். ஜாக்சன் ஒரே ஒரு வலது கையை விட்டார். கிரஹாம் தரையைத் தொடுவதற்கு முன்பே தூங்கிவிட்டார். கிரஹாம் செய்த தப்பு ஒன்றுமே இல்லை, அந்த ஒரு விநாடியைத் தவிர. நான் பார்த்ததிலேயே அநியாயமான சண்டை இதுதான். அலுக்காமல் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதையேதான்.

ஃபோர்மன் கதை அதைவிட வேடிக்கை. பலம் தீர்ந்துபோகும் சரக்கு என்று மாஸ்டர் யாரை வைத்து நிரூபித்தாரோ, அதே மனிதர் 20 வருடம் கழித்து, 1994 நவம்பரில், 45 வயதில், கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு டிராயரை மாட்டிக்கொண்டு லாஸ் வேகாஸில் வந்து நின்றார். எதிரே 26 வயது மைக்கேல் மூரர், ஒரு சண்டையும் தோற்காதவர். ஒன்பது ரவுண்டு மூரர் கிழவரைச் சுற்றி வந்து குத்தினார். மூன்று நடுவர்கள் கணக்கிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். பத்தாவதில் அரை அடி தூரம்கூடப் போகாத ஒரு வலது. மூரர் படுத்துவிட்டார். ஃபோர்மன் மூலையில் முட்டி போட்டு ஜெபம் செய்தார். அந்த மூலையில் அவருக்குப் பின்னால் நின்றவர் ஏஞ்சலோ டண்டி, கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற அதே டண்டி! கால் போகும், மூச்சுப் போகும், கண் போகும், குத்து மட்டும் கடைசிவரை கூட வரும் என்று குத்துச்சண்டைக்காரர்கள் சொல்வது வழக்கம். அப்புறம் ஃபோர்மன் தன் பெயரில் ஒரு இறைச்சி வாட்டும் மின் அடுப்பு விற்று, ரிங்கில் சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தார். அதற்கு எந்தப் பலம் காரணம் என்று தெரியவில்லை.

இத்தனை மதிப்பு இருக்கிற பண்டத்தில் கலப்படம் இல்லாமல் இருக்குமா? 1983 ஜூனில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பில்லி காலின்ஸ் என்ற இளைஞர், சாதாரணக் குத்துக்காரர் என்று பேர் வாங்கிய லூயிஸ் ரெஸ்டோவிடம் பத்து ரவுண்டு வாங்கி, முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிப் போனார். சண்டை முடிந்து கை குலுக்க வந்தபோது காலின்ஸின் அப்பா ரெஸ்டோவின் கிளவ்ஸைப் பிடித்துப் பார்த்தார். உள்ளே மெத்தையில் ஒரு பகுதியை உருவியிருந்தார்கள். ரெஸ்டோவும் பயிற்சியாளர் பனாமா லூயிஸும் ஜெயிலுக்குப் போனார்கள். காலின்ஸ் அதற்குப் பிறகு ரிங்கில் ஏறவே இல்லை, அடுத்த வருடமே ஒரு கார் விபத்தில் இறந்தார். 2009-இல் அண்டோனியோ மார்கரிட்டோவின் கைக்கட்டில் சாந்து மாதிரி இறுகிய ஏதோ இருந்ததை, சண்டைக்கு முன்பே எதிராளியின் பயிற்சியாளர் கண்டுபிடித்தார். இதற்காகத்தான் கைக்கட்டுப் போடும்போது எதிர்த்தரப்பு ஆள் பக்கத்தில் நின்று பார்க்கிறார். அதிகாரி வந்து கட்டின்மேல் பேனாவால் கையெழுத்துப் போடுகிறார். மாஸ்டரின் வேட்டிக் கிழிசலில் ஒரு பையன் கூழாங்கல் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த கதை எங்களுக்கும் உண்டு. அவன் இன்றைக்கு ஊரில் மரியாதைப்பட்ட வியாபாரி. அதனால் விட்டுவிடுகிறேன்.

மாஸ்டரின் கட்சியையும் இந்தப் போன் விட்டுவைக்கவில்லை. அடி வாங்காத அலி என்பது பாதிக் கதை. 1977 செப்டம்பரில் எர்னி ஷேவர்ஸ் என்பவரோடு அலி 15 ரவுண்டு நின்றார். ஷேவர்ஸ் ஜெயித்த சண்டைகளில் பெரும்பாலானவை நாக் அவுட். அவர் அடித்த அடி ஆப்பிரிக்காவில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கே அதிர்ந்தது என்று அலி பின்னால் ஜோக் அடித்தார். ஜெயித்தவர் அலிதான். ஆனால் அந்தச் சண்டைக்குப் பிறகு அவருடைய டாக்டர் ஃபெர்டி பச்சேகோ, சிறுநீரக ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இனி இவர் ரிங்கில் ஏறக் கூடாது என்றார். யாரும் கேட்கவில்லை. டாக்டர் விலகிக்கொண்டார். மெட்ராஸில் மாஸ்டர் பார்த்த டான்ஸ் அதற்கப்புறம் நடந்தது. அதே 1980 அக்டோபரில் அலி மறுபடி ரிங்குக்குப் போய் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு வாங்கினார். 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். பெரிய குத்துக்காரர் கொடுப்பதை எல்லாம் அன்றைக்கே வசூல் பண்ணிவிடுவதில்லை. சிலருக்குத் தவணை முறை.

கெட்டிக்காரர் என்றால் ஃபிளாய்ட் மேவெதர்தான். 50 சண்டை, 50 வெற்றி, நாக் அவுட் 27 மட்டும். கை எலும்பு பலமில்லாதவர். பின்பாதியில் ஆளை வீழ்த்துவதையே ஏறக்குறைய விட்டுவிட்டார். தொடுவார், விலகுவார், தோளை உயர்த்தி மறைப்பார். பார்க்க அலுப்பாக இருக்கிறது என்று எல்லோரும் திட்டினார்கள். திட்டிக்கொண்டே காசு கட்டினார்கள். 2015 மே மாதம் மேனி பக்கியாவோடு அவர் மோதியபோது அமெரிக்காவில் 46 லட்சம் பேர் வீட்டிலிருந்தே பணம் கட்டிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஆசை என்ன? இன்றைக்காவது ஒருத்தன் இந்த ஆளைப் படுக்கப்போட மாட்டானா என்பதுதான். ஒருத்தரும் போடவில்லை. விழாத அடியை விற்றே இந்த மனிதர் கோடீஸ்வரர் ஆனார். மாஸ்டர் இருந்திருந்தால் மேவெதரைத் தலையில் தூக்கிவைத்திருப்பார். மேவெதருக்கும் கூட்டம் கூட்டியது எதிராளியின் வலது கை பயம்தான் என்று நான் சொல்ல, மாஸ்டர் விசில் ஊதியிருப்பார்.

இந்தத் தலைமுறையில் பலம் என்றால் டியான்டே வைல்டர். உச்சத்தில் இருந்தபோது 42 வெற்றி, 41 நாக் அவுட். எதிராளி 36 நிமிஷமும் பிசகாமல் இருக்க வேண்டும், நான் இரண்டு விநாடி பிசகாமல் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. 2019-இல் லூயிஸ் ஓர்டிஸிடம் ஆறு ரவுண்டு தோற்றுக்கொண்டே இருந்துவிட்டு ஏழாவதில் அந்த இரண்டு விநாடியைக் காட்டினார். அதற்கு முந்தின வருடம் வைல்டர், டைசன் ஃப்யூரி என்பவரை 12-ஆவது ரவுண்டில் அசையாமல் கிடக்கும்படி அடித்தார். ஃப்யூரி சவம் மாதிரி கிடந்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவர்போல் எழுந்து நின்றார். வைல்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நம்பின ஒரே தெய்வமும் கைவிட்ட முகம். இருவரும் அடுத்து மோதியபோது ஃப்யூரி அவரை ஏழு ரவுண்டில் முடித்தார். போட்டுக்கொண்டு வந்த அலங்கார உடை நாற்பது ராத்தலுக்குமேல் கனம், அதனால்தான் கால் தளர்ந்தது என்றார் வைல்டர். காலைப் பற்றி அவர் பேசியது அப்போதுதான்.

2024 நவம்பர் 16, சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் அது வெள்ளி ராத்திரி. எங்கள் பழைய பத்தாம் வகுப்புக் கோஷ்டிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெரும்பாலும் சர்க்கரை, பேரப்பிள்ளை, காலை வணக்கம். அன்றைக்கு மட்டும் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஒரே பரபரப்பு. 58 வயது மைக் டைசன் மறுபடி ரிங்கில் ஏறுகிறார், எதிரே 27 வயது ஜேக் பால், வீடியோ போட்டுப் பிரபலமானவர். “கெழவனா இருந்தாலும் அந்த ஒரு ஹூக் இருக்கு மாப்ளே” என்று துபாயிலிருந்து ஒருத்தன். ஃபோர்மன் பெயரைச் சொல்லி இன்னொருத்தன். முந்தின நாள் எடை பார்க்கும் மேடையில் டைசன் ஜேக் பாலைப் பளாரென்று அறைந்த வீடியோ அதற்குள் ஆளுக்கு மூன்று முறை வந்து சேர்ந்திருந்தது.

லைன்மேனுக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய டிவி, பைபர் இணைப்பு, சோபா, பொங்கல். மணி அடிக்கும் நேரத்தில் திரையில் ஒரு வட்டம் சுழல ஆரம்பித்தது. உலகம் முழுக்க ஆறு கோடி வீடுகள் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்ததில் நெட்ஃபிளிக்ஸுக்கே மூச்சுத் திணறிவிட்டதாம். வட்டம் சுழன்று நின்றபோது டைசன் தன் கிளவ்ஸைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நிமிஷ ரவுண்டு எட்டு, கிளவ்ஸ் வழக்கமான பத்துக்குப் பதில் 14 அவுன்ஸ். ஆக 16 நிமிஷம். முதல் ரவுண்டில் இரண்டொரு தடவை பழைய டைசன் எட்டிப் பார்த்தார். பிறகு கால் போய்விட்டது. எட்டு ரவுண்டில் அவர் விட்டது 97 குத்து, பட்டது 18. ஒவ்வொன்றிலும் அந்தப் பழைய பலம் இருந்திருக்கலாம். ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்கிற கால் இல்லாத குத்து, விலாசம் தெரியாத மணியார்டர்தான். ஜேக் பால் சுற்றிச் சுற்றி வந்தார், கடைசி மணிக்கு முன் மரியாதையாகக் குனிந்து வணக்கமும் சொன்னார். நடுவர்கள் ஒருமனதாக அவர் கையைத் தூக்கினார்கள். அந்த வாரத்தில் டைசன் கொடுத்ததிலேயே உருப்படியான அடி எடை மேடையில் விழுந்த அறைதான். அதற்குப் புள்ளி கிடையாது.

“ஒரு தடவையாவது யாராவது விழுவாங்கன்னு பாத்தேன்” என்றாள் மகள். ரிங்கில் யாரும் விழவில்லை. “உன் மணிக்கட்டுக் கருவியைக் கட்டியிருந்தா எவ்வளவு காட்டியிருக்கும்?” என்று கேட்டேன். “பட்டாத்தானேப்பா காட்டும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேல்மாடியில் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில், கார்டு தேய்த்தால் ஒரு குத்துப் பை மேலிருந்து இறங்குகிற மெஷின் இருந்தது. குத்தினால் பலத்தை எண்ணாகக் காட்டும். காதைக் கிழிக்கிற சத்தத்தில் பாட்டு. வரிசையில் எனக்கு முன்னால் புதுக் கல்யாண மாப்பிள்ளை ஒருவர், மனைவி போனில் வீடியோ எடுக்க, ஓடிவந்து பையைக் கைமுட்டியின் ஓரத்தால் இடித்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மெஷின் 300-சொச்சம் காட்டியது.

“சார், ஓடி வராதீங்க” என்றார் அங்கே வேலை பார்த்த பையன் என்னைப் பார்த்து. “காலை நல்லா ஊனி, இடுப்பைத் திருப்பி, நடுவுல நேரா விடுங்க. இதுவரைக்கும் அதிகமா அடிச்சது அந்தப் பாப்பாதான்.” நீல கவுன் போட்ட பத்து வயதுப் பெண் ஒன்று பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டு நின்றது.

“உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டேன்.

“கராத்தே சார்” என்றது குழந்தை. “அங்கிள், உங்க டர்னு. சீக்கிரம் அடிங்க, நான் இன்னொரு தடவை போடணும்.”